திங்கட்கிழமை ஆப்சென்ட்: ஒரு கிளாஸ் டீச்சரின் வேலை பற்றிய நிகழ்வு ஆய்வு

வகுப்பாசிரியர் பொறுப்பு ஒதுக்குவது ஜூன் மாத முதல் ஆசிரியர் கூட்டத்தில் ஐந்து நிமிட வேலை. தலைமையாசிரியர் பட்டியலை வாசிப்பார். யாராவது ஒருவர் "போன வருஷமும் எனக்கு இதே செக்‌ஷன்தான் சார்" என்று முனகுவார். அத்தோடு சரி. டைம் டேபிளுக்கு நடக்கும் சண்டையில் பத்தில் ஒரு பங்குகூட இதற்கு நடக்காது. இந்த ஆய்வில் வரும் கணக்கு ஆசிரியைக்கு ஏழாம் வகுப்பு 'பி' பிரிவு கிடைத்ததும் அப்படித்தான். பணிக்கு வந்து இரண்டாவது ஆண்டு. வேண்டாம் என்று சொல்லும் சீனியாரிட்டி அவருக்கு இல்லை.

பள்ளி வடசென்னையில் காசிமேட்டை ஒட்டிய ஒரு நடுநிலைப் பள்ளி. நான் அந்தப் பகுதியைப் பார்க்கும் ஆசிரியர் பயிற்றுநர். பிள்ளையின் அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்பதால் வேறு வகுப்புகளில் பார்த்தவற்றையும் இதில் கலந்து, சில விவரங்களை மாற்றி எழுதியிருக்கிறேன்.

வகுப்பில் 38 பேர். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு 35 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்கிறது; அதிலிருந்து பெரிதாக விலகவில்லை. வாரத்தில் 40 பாடவேளை. அதில் இந்த ஆசிரியைக்கு முப்பதுக்குக் குறையாமல் கணக்கு வகுப்புகள், இரண்டு சப்ஸ்டிட்யூஷன். கிளாஸ் டீச்சர் வேலைக்கென்று ஒதுக்கிய நேரம் எதுவும் இல்லை. காலையில் முதல் பாடவேளை அவருடையதாக இருக்கும், அவ்வளவுதான். அந்த நாற்பது நிமிடத்தில் ரெஜிஸ்டரில் கோடு போட்டு, செயலியிலும் வருகை ஏற்றி, ஆதார் ஜெராக்ஸ் கொண்டுவராதவரைக் கேட்டு, சீருடை அளவு எழுதி, மிச்சமிருந்தால் பின்னம் நடத்த வேண்டும்.

ஜூலை கடைசியில் மாத வருகைச் சதவீதம் போட உட்கார்ந்தபோது ஒரு பெண்ணின் வரிசையில் அவர் பார்வை நின்றது. திங்கள் சிவப்பு, மறு திங்கள் சிவப்பு, அதற்கடுத்த திங்களும் சிவப்பு. செவ்வாய் முதல் வெள்ளி வரை ஒரு நாள் தவறவில்லை.

இது ஏன் அதுவரை யார் கண்ணிலும் படவில்லை என்பது முக்கியம். மாணவர் விவரங்களை ஏற்றும் பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் தளம் தொடர்ந்து பல நாள் வராத பிள்ளையைத்தான் துரத்தும். இடைநிற்றல் பட்டியல், வீட்டுக்குப் போய் விசாரணை எல்லாம் அவர்களுக்கு. வாரம் ஒரு நாள் வராத பிள்ளை எந்தப் பட்டியலிலும் ஏறாது. மாதச் சதவீதம் எண்பதைத் தொட்டுக்கொண்டு நிற்கும். ஆனால் சட்டப்படி ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 220 வேலை நாள். வாரம் ஐந்து நாள் என்று கணக்குப் போட்டால் அந்தப் பிள்ளை இழப்பது 44 நாள், இரண்டு மாதப் படிப்பு. போதாக்குறைக்கு வளரறி மதிப்பீட்டுக்கான சிறு தேர்வுகளைப் பெரும்பாலான ஆசிரியர்கள் திங்களன்றுதான் வைத்தார்கள், சனி ஞாயிறு படித்துக்கொண்டு வரட்டும் என்று. நூற்றுக்கு 40 மதிப்பெண் அந்த மதிப்பீட்டில் இருக்கிறது. பிள்ளையின் மார்க் சரிந்ததற்கு ஒவ்வொரு பாட ஆசிரியரும் தனித்தனிக் காரணம் வைத்திருந்தார். "கவனம் பத்தல" என்றார் அறிவியல் ஆசிரியர். தமிழாசிரியை "வீட்டில் படிக்க வைக்க ஆளில்லை" என்றார். ஐந்து பேரும் ஒரே கிழமையை இழந்த பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது ரெஜிஸ்டர் வைத்திருந்தவருக்கு மட்டும்தான் தெரிந்திருக்க முடியும்.

ஆசிரியை முதலில் செய்தது நம்மில் யாரும் செய்திருக்கக்கூடியதுதான். செவ்வாய்க்கிழமை அந்தப் பெண்ணை எழுப்பி, "திங்கக்கிழமைன்னா உனக்கு மட்டும் லீவா? நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா, இல்லன்னா கிளாசுக்கு வராதே" என்றார். பிள்ளை தலையாட்டியது. புதன் வரவில்லை. வியாழன், வெள்ளியும் வரவில்லை.

அப்பாவைக் கூட்டி வா என்று நாம் சொல்வதை ஒரு மிரட்டலாக நினைத்துத்தான் சொல்கிறோம். அப்பா இல்லாத வீட்டில் அது வெளியேற்றும் உத்தரவு. அந்தப் பெண்ணின் அப்பா வீட்டை விட்டுப் போய் மூன்று வருஷமாகியிருந்தது. சேர்க்கைப் பதிவேட்டில் அவர் பெயர், எமிஸில் அவருடைய பழைய எண். அழைத்தால் எடுத்தவர் யாரோ ஒரு மெக்கானிக். அந்த எண்ணை சரிபார்த்ததாக இரண்டு முறை டிக் அடிக்கப்பட்டிருந்தது.

பக்கத்துப் பெஞ்சுப் பெண்ணிடமிருந்து அம்மாவின் எண் கிடைத்தது. முதல் அழைப்பு இப்படிப் போனது: "உங்க பொண்ணு ஏம்மா ஸ்கூலுக்கு வர்றதில்ல? நாலு நாளா ஆப்சென்ட். டி.சி. குடுத்துடட்டுமா?" எதிர்ப்பக்கம், "டூட்டில இருக்கேன் மிஸ், அப்புறம் பேசுறேன்" என்று துண்டிக்கப்பட்டது. அப்புறம் பேசவில்லை.

இந்தக் கட்டத்தில்தான் நான் அந்தப் பள்ளிக்குப் போனேன், வேறு வேலையாக. ஆசிரியை ரெஜிஸ்டரைக் காட்டிப் புலம்பினார். என்னிடம் தீர்வு ஏதும் இருக்கவில்லை. இரண்டாவது அழைப்பை எப்படித் தொடங்கலாம் என்று மட்டும் பேசினோம். பள்ளியிலேயே இருபது வருஷமாக இருக்கும் ஆறாம் வகுப்பு ஆசிரியை ஒருவர் காதில் விழுந்து, "முதல்ல பிள்ளையைப் பத்தி நல்லதா ஒண்ணு சொல்லு. அப்புறம் நீ என்ன செய்யப் போறன்னு சொல்லு. கேள்வியைக் கடைசில வை" என்றார். எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் நான் படிக்காத மூன்று வாக்கியம்.

சாயங்காலம் ஏழு மணிக்குப் போன அழைப்பு இது. "நான் கிளாஸ் டீச்சர் பேசுறேன்மா. ஸ்கேல் பிடிச்சு வரையறதுல வகுப்புலயே அவதான் ஃபர்ஸ்ட். அவ ஜாமெட்ரி நோட்டு என்கிட்டதான் இருக்கு, பத்திரமா வச்சிருக்கேன். அப்பாவைக் கூட்டிட்டு வான்னு சொன்னது தெரியாம சொன்னது, யாரும் வர வேணாம், அவ வந்தா போதும். திங்கக்கிழமைல வீட்ல ஏதாவது சிரமம் இருக்காம்மா?" அரை நிமிடம் சத்தமில்லை. பிறகு அந்த அம்மா பேசத் தொடங்கினார், இருபது நிமிடம்.

குடும்பத்தைக் கால்வாய்க் கரையிலிருந்து நகரத்தின் தென்கோடியில் இருக்கும் பெரும்பாக்கம் குடியிருப்புக்கு மாற்றியிருந்தார்கள். ஆயா, அதாவது அம்மாவின் அம்மா, காசிமேட்டில் மீன் விற்பவர். அங்கே போய் யாருக்கு விற்பது என்று வர மறுத்துவிட்டார். பெண் பழைய பள்ளியிலேயே படிக்கட்டும் என்று வாரநாளில் ஆயா வீட்டில் இருக்கிறாள். வெள்ளி சாயங்காலம் அம்மாவிடம் போவாள். அம்மாவுக்கு ஓ.எம்.ஆர். பக்கம் ஓர் அலுவலகத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை. மற்ற நாளில் எட்டரைக்குப் போனால் போதும். திங்கட்கிழமை மட்டும் ஆறு மணி ஷிஃப்ட், இரண்டு நாள் பூட்டிக் கிடந்த தளங்களை ஊழியர்கள் வருமுன் துடைத்து முடிக்க வேண்டும். நாலாவது படிக்கும் தம்பியை அன்று எழுப்பிக் கிளப்பிப் பள்ளியில் விட ஆள் இந்த அக்காதான். பள்ளியில் காலை உணவு உண்டு, எட்டு மணிக்கு மேல் கொண்டுபோய் விட்டால் அவன் சாப்பாட்டுக் கவலையும் தீர்ந்தது. அவனை விட்டுவிட்டு இவள் பஸ் ஏறி, மாறி, வடசென்னைக்கு வந்து சேரப் பத்தேகால் ஆகும்.

ஒன்று கவனியுங்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியபோதும், அடுத்த ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தபோதும் ஒன்று முதல் ஐந்து வரைதான். தம்பி சாப்பிட்டான், ஏழாவது படிக்கும் அக்கா அன்று மத்தியானச் சத்துணவு வரை பட்டினி.

சரி, பத்தேகாலுக்கு வந்தாவது உட்காரலாமே? வந்திருக்கிறாள், ஜூன் மாதத்தில் இரண்டு முறை. ஒன்பதரைக்கு கேட் பூட்டப்படும். வாட்ச்மேன் "பேரன்ட்ஸோட வா" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். அது அவராகச் செய்ததல்ல, பள்ளியின் விதி. மூன்றாவது திங்களிலிருந்து அவள் முயற்சியே செய்யவில்லை. நேராக ஆயா வீட்டுக்குப் போய்விடுவாள். ஆக, வகுப்பாசிரியை கண்டுபிடித்த 'ஆப்சென்ட்' முழுக்க வீட்டுக் காரணத்தால் வந்ததல்ல. பாதிக்கு மேல் பள்ளி தயாரித்தது. கேட் விதி திங்களைப் பறித்தது, "அப்பாவைக் கூட்டிட்டு வா" மற்ற மூன்று நாளைப் பறித்தது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதை மட்டுமல்ல, மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடுக்கிறது. ஆசிரியர் கூட்டங்களில் இதைப் படித்துக் காட்டினால் எல்லோரும் பிரம்பைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள், கேட்டைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

மறுநாள் ஆசிரியை ஆயாவையும் போய்ப் பார்த்தார். மீன் கூடைக்குப் பக்கத்திலேயே பேச்சு. "இன்னா டீச்சரம்மா, பொண்ணு ஏதாச்சும் தப்பு பண்ணிச்சா?" என்பதுதான் ஆயாவின் முதல் கேள்வி. இல்லை என்று நம்ப வைக்கவே கொஞ்ச நேரமானது. டீச்சர் தேடி வந்தால் புகார்தான் என்று அந்தத் தெருவுக்கே தெரியும். அப்படித்தான் பழக்கி வைத்திருக்கிறோம்.

பிறகு நடந்தவை சின்னச் சின்ன மாற்றங்கள். தலைமையாசிரியர் முதலில் ஒப்பவில்லை. "ஒருத்திக்காக கேட் திறந்தா நாளைக்கு முப்பது பேர் நிப்பாங்க" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. நடுவில் திறந்து மூடும் கேட் வழியாக ஒரு பிள்ளை வெளியே போய் ஏதாவது ஆனால் கழுத்து அவருடையது. கடைசியில் வகுப்பாசிரியர் கையெழுத்திட்ட ஒரு சீட்டு இருந்தால் உள்ளே விடலாம் என்று முடிவானது. திங்கள் முதல் பாடவேளைக் கணக்கு, புதன்கிழமை ஓவிய வகுப்போடு மாற்றிக்கொள்ளப்பட்டது. சிறு தேர்வுகளைத் திங்களில் வைக்காமலிருக்க மூன்று பேர் ஒத்துக்கொண்டார்கள், இருவர் ஒத்துக்கொள்ளவில்லை. முப்பது பேர் நிற்கவில்லை. நான்கு பேர் நின்றார்கள், அந்த நால்வருக்கும் சொல்லும்படியான காரணம் இருந்தது.

இதில் ஆசிரியைக்கு மனநல ஆலோசகரின் திறமை எதுவும் தேவைப்படவில்லை. ரெஜிஸ்டரைப் படிக்கத் தெரிய வேண்டும், போனில் பேசத் தெரிய வேண்டும், தலைமையாசிரியரிடம் ஒரு விதிவிலக்கு கேட்கத் தெரிய வேண்டும். இந்த மூன்றையும் அவருக்கு யார், எப்போது கற்றுக் கொடுத்தார்கள் என்று தேடினால் கிடைப்பது பூஜ்யம்.

அவர் இரண்டு வருட பி.எட். படித்தவர். 2014ஆம் ஆண்டு தேசிய ஆசிரியர் கல்விக் குழும விதிகளுக்குப் பிறகு படிப்பு இரண்டு வருஷமானது, பள்ளியில் இருக்கும் இன்டர்ன்ஷிப்பும் நீண்டது. காரணம் நல்லதுதான். நடைமுறையில் பயிற்சி மாணவி லெசன் பிளான் எழுதினார், சார்ட் ஒட்டினார், ரெக்கார்டு நோட்டுகளை அட்டை போட்டுக் கையெழுத்து வாங்கினார். ரெஜிஸ்டர் அவர் கைக்கு வந்தது, கையெழுத்து அழகாக இருக்கிறது என்று பெயர் எழுதிக் கொடுப்பதற்காக. ஒரு பெற்றோரிடமும் பேசியதில்லை. ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள் 150 மதிப்பெண். அதில் 30 குழந்தை மேம்பாடும் கற்பித்தலும். உளவியலாளர் பியாஜே சொன்ன வளர்ச்சி நிலைகள் எத்தனை என்று கேட்பார்கள். பியாஜே தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் எட்டு நிமிடத்தில் 38 பேருக்கு வருகை போடும் மனுஷிக்கு அவர் வந்து உதவுவதில்லை. பணிக்கு வந்தபின் நடக்கும் பயிற்சிகள், நான் நடத்துவதையும் சேர்த்தே சொல்கிறேன், புதுப் பாடம், புதுச் செயலி, புது மதிப்பீட்டுத் தாள் இவற்றைச் சுற்றித்தான். இப்போது ஓய்வறைப் பேச்சு முழுக்க வேறொன்று. 2025 செப்டம்பர் 1 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி, ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருக்கும் பழைய ஆசிரியர்களும் இரண்டு ஆண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும். மூன்று வாக்கியத்தில் பெற்றோரிடம் பேசச் சொல்லித் தந்த அந்த ஆறாம் வகுப்பு ஆசிரியைகூட மதிய இடைவேளையில் கைடு வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறார்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவில் ஆசிரியரின் கடமைகளில் ஒன்றாக, பெற்றோரைத் தவறாமல் சந்தித்துப் பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் பற்றிச் சொல்வது எழுதப்பட்டிருக்கிறது. கடமை இருக்கிறது; அதைச் செய்ய நேரம் எது என்று எந்தப் பாடவேளை அட்டவணையும் சொல்வதில்லை. மற்ற நாடுகளில் எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் சீனாவில் 2006ஆம் ஆண்டுத் திட்டம், வகுப்பாசிரியர் ஆகிறவருக்குக் குறைந்தது 30 மணி நேரப் பயிற்சி என்றது. 2009 விதிமுறை அந்த வேலையை வழக்கமான பாடவேளைச் சுமையில் பாதியாகக் கணக்கில் சேர்க்கச் சொன்னது. ஜப்பானின் நடுநிலை வகுப்புகளில் வகுப்புக் கூடிப் பேசவே ஆண்டுக்கு 35 பாடவேளை உண்டு. அங்கெல்லாம் இது ஒரு வேலை என்று காகிதத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நம் ஊரில் இது நல்ல மனசு.

இந்த நிகழ்வை வைத்து, பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டம் ஒன்றில் அரை நாள் பயிற்சி செய்து பார்த்தோம். பெயர்களை மறைத்து ஒரு மாத ரெஜிஸ்டரை ஜெராக்ஸ் எடுத்து, மேசைக்கு ஒன்றாகக் கொடுத்தோம். ஒரே கேள்வி: சிவப்பு எங்கே கூடுகிறது? அடுத்த ஒரு மணி நேரம் எனக்கே பாடமாக இருந்தது. திருவொற்றியூர்ப் பக்கத்து ஆசிரியர் ஒருவர் முகூர்த்த நாட்களைக் காலண்டரில் பொருத்திக் காட்டினார். எட்டாம் வகுப்புப் பையன்கள் முந்தின ராத்திரி கேட்டரிங் வேலைக்குப் போய்விட்டு மறுநாள் தூங்குகிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை முடிந்து படகுகள் இறங்கியதும் ஒரு வரிசை முழுக்கச் சிவப்பாவதை இன்னொருவர் காட்டினார், ஐஸ் தட்டவும் வலை பிரிக்கவும் ஆள் தேவைப்படுகிறது. மாதம் மூன்று நாள் தவறாமல் வராத பெண்களின் வரிசையை ஆசிரியைகள் பார்த்ததுமே புரிந்துகொண்டார்கள். ஆண் ஆசிரியர் ஒருவர், "நான் இவங்களை சோம்பேறின்னு எழுதி வச்சிருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெகுநேரம் பேசவில்லை. நாப்கின் இலவசமாக வருகிறது, 2011-12லிருந்தே திட்டம் இருக்கிறது. கழிவறையில் தண்ணீர் வருகிறதா, பழையதைப் போட இடம் இருக்கிறதா என்பதைப் பார்க்க வேண்டியவரும் அந்த கிளாஸ் டீச்சர்தான்.

பிறகு இரண்டு இரண்டு பேராகப் போன் பேசிப் பார்த்தோம். ஒருவர் அம்மா, ஒருவர் டீச்சர். சிரிப்பும் கூத்துமாகத்தான் தொடங்கியது. அம்மாவாக நடித்தவர்கள்தான் அதிகம் கற்றுக்கொண்டார்கள் என்பது என் கணிப்பு. "டி.சி. குடுத்துடட்டுமா" என்ற வார்த்தை எதிர்ப்பக்கம் எப்படி விழுகிறது என்பதை அங்கேதான் கேட்டார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருந்தோம். எல்லா ஆப்சென்ட்டும் பேசித் தீர்க்கக்கூடியதல்ல. பிள்ளை சொல்வதில் பாலியல் துன்புறுத்தல் வாசனை இருந்தால், ஆசிரியர் தானே விசாரணை நடத்தக் கூடாது, வீட்டுக்குப் போய்ச் சமாதானம் பேசக் கூடாது, தலைமையாசிரியர் பார்த்துக்கொள்வார் என்று விடவும் கூடாது. 2012 போக்சோ சட்டத்தில் தெரிந்தவர் தகவல் தருவது கட்டாயம். மறைத்தால் தண்டனை உண்டு. குழந்தைகளுக்கான 1098 உதவி எண்ணும் மாநிலக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணும் புத்தக அட்டையில் அச்சிட்டு வருவது பிள்ளைகளுக்காக மட்டும் அல்ல. கூட்டத்தில் கால்வாசிப் பேர், அந்த எண்களுக்கு ஆசிரியரும் அழைக்கலாமா என்று கேட்டார்கள்.

அந்தப் பெண் இரண்டாம் பருவம் முடிந்ததும் பெரும்பாக்கம் பக்கத்துப் பள்ளிக்கு மாறினாள். ஆயாவுக்கு முழங்கால் முடியாமல் போனதால் அவரும் மகளிடம் போய்விட்டார். எமிஸில் பெயர், பள்ளி மாறும் பிள்ளைகளுக்கான பொதுப் பட்டியலான காமன் பூலுக்குப் போனது, அங்கிருந்து புதுப் பள்ளி எடுத்துக்கொண்டது. மாற்றுச் சான்றிதழில் நடத்தை 'நன்று'. அவள் ஏன் திங்களில் வரவில்லை, அம்மாவை எத்தனை மணிக்கு அழைத்தால் எடுப்பார், அப்பாவின் எண்ணை ஏன் அழைக்கக் கூடாது, ஸ்கேலும் காம்பஸும் கொடுத்தால் எப்படி உட்கார்ந்துவிடுவாள் என்பதெல்லாம் எழுத அந்தத் தாளில் கட்டம் இல்லை. ஆசிரியை ஒரு முழுத்தாளில் அதையெல்லாம் எழுதி, புதுப் பள்ளியின் கிளாஸ் டீச்சர் எண்ணைத் தேடிப் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பினார். பதில் வந்தது: "நன்றி மிஸ். இதே மாதிரி என் பழைய பிள்ளைங்க ரெண்டு பேர் அங்க உங்க ஸ்கூலுக்கு வந்திருக்காங்க, அவங்களுக்கும் நான் எழுதி அனுப்பட்டுமா?"

அந்த முழுத்தாளின் அமைப்பைத்தான் வரும் ஜூன் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஆறு கேள்வி, ஒரு பக்கம், ஐந்தாவதிலிருந்து ஆறாவதுக்கு வேறு பள்ளி மாறும் பிள்ளைகளிலிருந்து தொடக்கம். குறுவள மையக் கூட்டத்தில் இதைச் சொன்னதும் பின்வரிசையில் இருந்து ஒரு குரல் கேட்டது, "சார், இதையும் எமிஸ்ல ஏத்தணுமா?" வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். மேலிடத்திலிருந்து வேறு உத்தரவு வராத வரை அது காகிதத்தில்தான் போகும்.